பழைய மொரிஸ் மைனரில் ஸ்டியரிங்கும் ஹீட்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவகச்சேரியில் ஒரு மாமரத்தடியில் பல வருடம் அசையாமல் நின்ற மொரிஸ் மைனர் 1000 ஒன்றை வாங்கி, லொறியில் ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தேன். 1957ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி எஞ்சின். சாவியைத் தரும்போது விற்ற ஐயா, "தம்பி, எஞ்சின் பிசகில்லை. ஸ்டியரிங்கை மட்டும் ஒருக்கால் பாருங்கோ" என்றார். அந்த "ஒருக்கால்" எட்டு மாதம் இழுத்தது. அது முடிந்த கையோடு ஹீட்டர் தன் பங்குக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டது.

இதே வண்டியை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், ஆரம்பத்தில் நானே பலரிடம் கேட்ட கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கடியில் படுத்துக் கிடக்கும் ஆள்.

ஸ்டியரிங், ஹீட்டர் இரண்டும் பழுது. முதலில் எதில் கை வைப்பது?

ஸ்டியரிங்கில்தான். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். மைனரின் முன்சக்கரத் தாங்கிகளில் ஒன்று தேய்ந்து கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும், அதற்கு மாற்று எதுவும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டியரிங் வேலைக்கு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி முன்பக்கத்தைக் கழற்றியே ஆகவேண்டும். வண்டி அப்படி நிற்கும்போதே பழைய ஹோஸ்களைக் கழற்றி ஹீட்டரின் நிலைமையைப் பார்த்துவிடலாம்.

ஸ்டியரிங் வீலில் ஆட்டம் இருக்கிறது. ராக்கை மாற்றிவிட்டால் சரியாகுமா?

எல்லோரும் முதலில் ராக்கின் மேல்தான் பழி போடுகிறார்கள். நானும் போட்டேன். ஆனால் மைனரின் ராக் அண்ட் பினியன், அதாவது வீலோடு சுழலும் சிறு பற்சக்கரம் (பினியன்) ஒரு பல் வெட்டிய தண்டை (ராக்) இடம் வலமாகத் தள்ளும் அமைப்பு, சாதாரணத்தில் சாகாது. 1948இல் இந்தக் கார் வெளிவந்தபோது மற்றப் பல கார்களில் ஸ்டியரிங் பொக்ஸ்தான் இருந்தது. அலெக் இசிகோனிஸ் இதற்கு ராக்கைக் கொடுத்தார். இன்றைக்கும் ஒரு நல்ல மைனரை ஓட்டினால், சொன்ன இடத்துக்குத் திரும்பும் அந்தச் சுத்தம் தெரியும். ஆகவே உங்கள் வண்டி தளும்பினால் அது வயதின் குணம் என்று விட்டுவிடாதீர்கள். எங்கோ ஒன்று தேய்ந்திருக்கிறது.

தேடும் முறை இதுதான். முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பெயரிங். நிற்காவிட்டால் கிங்பின், ட்ரனியன் பக்கம் (இவை என்ன என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்), அல்லது ஷொக் அப்சோர்பர். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மைனரில் சக்கரத்தின் மேல்முனையைத் தாங்க மேல் கை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆம்ஸ்ட்ரோங் லீவர் டாம்பர் எனப்படும் அந்த ஷொக் அப்சோர்பரின் கையேதான் மேல் கை. அதன் அச்சு தேய்ந்தால் சக்கரத்தின் மேல்முனை ஆடும். அதை அறியாமல் நான் ட்ரனியனில் குற்றம் கண்டுபிடித்து ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

அடுத்து சக்கரத்தை இடது வலது ஓரங்களில் பிடித்து ஆட்டுங்கள். இங்கே ஆட்டம் வந்தால் டைரொட் எண்ட் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை), அல்லது ராக்கின் இரு முனைகளிலும் ரப்பர் பூட்டுக்குள் ஒளிந்திருக்கும் பந்து மூட்டு. பூட்டின் மேலாகக் கையை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஆட்டச் சொன்னால் உள்ளே 'டக்' என்று அடிப்பது விரலில் தெரியும்.

இதில் எதுவும் இல்லை, ஆனால் வீல் மட்டும் மேலும் கீழும் லொடலொடக்கிறதா? கொலமின் (ஸ்டியரிங் வீலின் தண்டின்) மேல்முனையில் இருக்கும் கம்பளிப் புஷ் பொடியாகிப் போயிருக்கும். மலிவான சாமான், அரைமணி வேலை. புதியதை ஒயிலில் ஊறவைத்துப் போடுங்கள். கொலம் பினியனோடு சேரும் இடத்தில் ஒரு கிளாம்ப் போல்ட் இருக்கிறது, அதையும் இறுக்கிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த ஒற்றை போல்ட் தளர்ந்திருந்ததற்காக முழு ராக்கையே வாங்கிவிட்டார்.

ட்ரனியன், ட்ரனியன் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

பயமுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முன்சக்கரம் திரும்பும் அச்சுதான் கிங்பின். அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகு மரை வெட்டியிருக்கும். அந்த மரைகள் இரண்டு உலோகக் கட்டைகளுக்குள் திருகி நிற்கின்றன. அவைதான் ட்ரனியன்கள். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் கிங்பின் அந்த மரைக்குள் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்குகிறது. போத்தல் மூடியைத் திறந்து மூடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் முன்பாரம் டோர்ஷன் பார் என்ற முறுக்குத் தண்டின் வழியாகக் கீழ்க்கைக்கு (சக்கரத்தின் கீழ்முனையைத் தாங்கும் கைக்கு) வந்து, அங்கிருந்து கீழ் ட்ரனியனின் மரையில் தொங்குகிறது. கிறீஸ் இருக்கும்வரை கவலையில்லை. கிறீஸ் வற்றி, தண்ணீரும் மணலும் புகுந்தால் மரை கத்தி முனைபோல மெலிந்து, ஒருநாள் கிங்பின் கீழ் ட்ரனியனிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். சக்கரம் மட்கார்டுக்குள் மடியும். வண்டி மூக்கால் தரையில் உட்காரும். பெரும்பாலும் இது மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் நடக்கும் என்று சொல்வார்கள். என் அனுபவமும் அதுவே. லொறியிலிருந்து இறக்கி வீட்டு வாசலில் திருப்பும்போது இடது சக்கரம் போனது. அதே சக்கரம் ரம்பொடை மலைவளைவில் போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கழன்ற ட்ரனியனைக் கழுவிப் பார்த்தேன். மரை இருக்கவேண்டிய இடம் குழாய்போல வழவழவென்று இருந்தது. கிறீஸ் ஏற்றும் சிறு வாயான நிப்பிளின் மேல் மூன்று வண்ணத்தில் பெயின்ட். அதாவது வண்டிக்கு மூன்று தடவை பெயின்ட் அடித்தவர்கள், அந்த நிப்பிளில் ஒருதடவையும் கிறீஸ் கன்னை வைக்கவில்லை.

அதை நானே மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் டோர்ஷன் பாருக்கு மரியாதை கொடுக்கவேண்டும். அது முறுக்கிவிட்ட இரும்புத் தண்டு. கீழ்க்கையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டியை சேசிஸில் ஸ்டாண்ட் வைத்து நிறுத்திய பிறகு, கீழ்க்கைக்கு அடியில் இன்னொரு ஜாக்கைக் கொடுத்து அந்தப் பாரத்தைத் தாங்குங்கள். மேல் இணைப்பைக் கழற்றியபின் அந்த ஜாக்கை மெல்ல மெல்ல இறக்குங்கள். அவசரப்பட்டால் கை போகும். பிரேக் ஹோஸில் ஹப்பைத் தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள்.

இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை. இடது ட்ரனியனை வலது கிங்பின்னில் ஏற்ற முயன்று, ஏறவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. புதிய கீழ் ட்ரனியனை முழுதாகத் திருகி ஏற்றி, அது முட்டி நின்றதும் ஏறத்தாழ ஒரு சுற்றுப் பின்வாங்கி நிறுத்தவேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஸ்டியரிங் ஒருபக்கம் முழுதாக ஒடியாது. ஒடித்தால் மரை கடிக்கும். எல்லாம் பூட்டுமுன் ஹப்பைக் கையால் இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள்.

கிங்பின் தேய்ந்திருக்கும்போது ட்ரனியனை மட்டும் புதிதாகப் போடுவது காசை வீணாக்கும் வேலை. பழைய கிங்பின்னின் மரை புதிய ட்ரனியனைச் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கை வைத்ததோடு கீழ்க்கையின் உள்முனைப் புஷ், டைபார் ரப்பர்கள் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். அவை சில்லறைச் சாமான்கள். ஆனால் அவை நசிந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

கிறீஸா, ஒயிலா?

ட்ரையம்ப் வண்டிக்காரர்கள் தங்கள் ட்ரனியனுக்கு ஒயில் ஊற்றச் சொல்வார்கள். அது அவர்கள் வண்டிக்கு. மைனரின் ட்ரனியனுக்கு கிறீஸ்.

ஆயிரம் மைலுக்கு ஒருதடவை, அதாவது 1600 கிலோமீட்டருக்கு ஒருதடவை அடியுங்கள். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் மழைக்காலம் முடிந்ததும் ஒருதடவை. முக்கியமானது, சக்கரம் தரையில் நிற்கும்போது அடிக்காதீர்கள். பாரம் அழுத்துவதால் எந்த இடத்தில் தேய்மானம் அதிகமோ அந்த இடத்துக்கே கிறீஸ் போகாது. ஜாக்கில் தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி, பழைய கறுப்புக் கிறீஸ் பிதுங்கி வெளியேறி, புதியது தலைகாட்டும்வரை அடியுங்கள்.

ராக்குக்கு மட்டும் கிறீஸ் வேண்டாம். அதற்கு 90 கியர் ஒயில்.

ராக்கைத் திருத்துவதா, புதிது வாங்குவதா?

பூட் கிழிந்த அன்றே கவனித்திருந்தால் திருத்தலாம். ராக்குக்குள் ஒயிலை வைத்திருப்பதே அந்த இரண்டு ரப்பர் பூட்டுகள்தான். கிழிந்தால் ஒயில் வெளியே, தூசு உள்ளே. கழற்றிக் கழுவி, பற்களைப் பாருங்கள். நேராக ஓடும்போது எப்போதும் தொடும் நடுப்பற்கள் முதலில் தேயும். நடுவில் தளர்வாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் இருந்தால் அந்த ராக் முடிந்தது. நடுவில் இருக்கும் தளர்வைப் போக்க ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்து இறுக்கினால் ஓரத்தில் சிக்கும். வளைவில் சிக்கிக்கொள்ளும் ஸ்டியரிங்கைவிட ஆடும் ஸ்டியரிங்கே மேல்.

பற்கள் நன்றாக இருந்தால் பந்து மூட்டுகளைச் சரிசெய்து, புதிய பூட் போட்டு, ஒயில் விட்டுப் பூட்டுங்கள். என்னுடையது இப்படித்தான் பிழைத்தது.

டைரொட் எண்டைக் கழற்றும்போது அது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணிச் சுவரில் எழுதி வையுங்கள். தாளில் எழுதினால் தொலைந்துவிடும்.

அலைன்மென்ட் கட்டாயமா?

கட்டாயம். முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி இருக்கவேண்டிய கணக்கு 3/32 அங்குலம், சுமார் 2.4 மில்லிமீட்டர். கணினி வைத்திருக்கும் கடைகளில் சிலவேளை மைனரின் பெயரே பட்டியலில் இருக்காது. இந்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.

பவர் ஸ்டியரிங் போடலாமா?

மின்சார ஸ்டியரிங் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேண்டாம் என்பதே. ஒழுங்காகக் கிறீஸ் அடித்த மைனரை எழுபது வயது அம்மா ஒருவரும் ஒருகையால் திருப்புவார். கனமாக இருக்கிறதென்றால் முதலில் டயரில் காற்றைப் பாருங்கள், பிறகு ட்ரனியனை.

சரி, இலங்கையில் ஹீட்டர் எதற்கு?

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருப்பவர்கள் இந்தக் கேள்வியோடு நின்றுவிடலாம், பாதகமில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் புல்லில் வெள்ளை உறைபனி படியும். ஆனால் குளிர்கூட இரண்டாம்பட்சம். மழையில் நாலுபேர் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடி உட்பக்கம் மூச்சாவியால் மூடிக்கொள்ளும். மைனரின் கண்ணாடி சின்னது, முகத்துக்குக் கிட்ட. ஒருகையால் துடைத்துக்கொண்டு மறுகையால் வளைவு எடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக்குக் காற்றடிக்கும் குழாய்தான் ஹீட்டரில் எனக்குத் தேவைப்பட்ட பாகம்.

எங்கள் ஊரில் வாடகைக்கு ஓடிய மைனர்கள் பலவற்றில் ஹீட்டரே இல்லை. அந்த டிரைவர்மார் துணியில் புகையிலைத் தூள் வைத்துக் கண்ணாடியைத் துடைப்பார்கள். அதுவும் ஓரளவு வேலை செய்யும், மணம்தான் போகாது.

காற்று வருகிறது, சூடு வரவில்லை. ஹீட்டரை மாற்றவேண்டுமா?

மாற்றுவதற்குமுன் பொன்னெட்டைத் திறந்து, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத அடைப்பான்) இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்காது.

நம் பக்கத்தில் எஞ்சின் கொதித்தால் முதல் வைத்தியம் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. கேட்டால், "சூடான ஊருக்கு அது எதற்கு?" என்பார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றி, எஞ்சின் சூடேறாது. எஞ்சினிலேயே சூடு இல்லாதபோது ஹீட்டர் எங்கிருந்து கொடுக்கும்? அதோடு குளிர்ந்து ஓடும் எஞ்சின் பெற்றோலைக் கூடக் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். சமவெளியில் ஓடும் வண்டிக்கு 74 பாகை தெர்மோஸ்டாட், சாதாரணமாக 82, கடும் குளிர் நாடுகளில் 88. நான் 82 போட்டிருக்கிறேன். வண்டி கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பையும் வோட்டர் பம்பையும் பாருங்கள், தெர்மோஸ்டாட்டின்மேல் பழி போடாதீர்கள்.

தெர்மோஸ்டாட் இருந்தும் சூடு வரவில்லை என்றால், சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில் ஹீட்டருக்குப் போகும் தண்ணீர் டெப்பைப் பாருங்கள். பலகாலம் மூடிக் கிடந்து இறுகியிருக்கும். சில வண்டிகளில் டெப்பையே கழற்றிவிட்டுத் தகடு வைத்து அடைத்திருப்பார்கள். அதைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் துருவேறியிருந்தால் வலிந்து திருகவேண்டாம். துரு நீக்கும் ஒயிலை இரண்டு நாள் விட்டு விட்டு அடித்து, கொஞ்சம் சூடாக்கித் திருகுங்கள். ஹெட்டுக்குள் ஸ்டட் முறிந்தால் அப்புறம் லேத் பட்டறைக்குத்தான் போகவேண்டும். நான் போனேன்.

டெப்பைத் திறந்தபின் ஒரு ஹோஸ் கொதிக்கிறது, மற்றது குளிர்ந்தே இருக்கிறதா? கோர் (ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர்) அடைத்திருக்கிறது, அல்லது காற்று பிடித்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது திரும்பும் ஹோஸின் கிளிப்பைத் துணியால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தளர்த்துங்கள். காற்று சீறிப் போய்த் தண்ணீர் வந்ததும் இறுக்குங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. திருத்த முடியுமா?

முடியும், இதுதான் பழைய காரின் அழகு. கோர் செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும்தான். ரேடியேட்டர் திருத்தும் எந்தக் கடையிலும் பற்றவைப்பார்கள். முதலில் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எனக்கு வந்தது தேயிலைச் சாயம்போல ஒரு குழம்பு. ஒரு மணி நேரம் ஓடிய பிறகே தெளிந்தது. குழாய்த் தண்ணீரை முழு வேகத்தில் விடவேண்டாம், பழைய பற்று விட்டுவிடும். கழுவியபின் தண்ணீர் வாளிக்குள் அமுக்கி, ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு மட்டும் காற்று விட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள். பிந்திய மைனர்களில் அது 7 பிஎஸ்ஐ. அதற்குமேல் விட்டால் நல்ல கோரும் பிளக்கும்.

ஒழுக்கை அடைக்கும் தூள்களை ரேடியேட்டரில் போடாதீர்கள். அது ஓட்டையை அடைக்குமுன் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

ஹோஸ்களில் எதை மாற்றுவது?

எல்லாவற்றையும். ஹீட்டர் ஹோஸ் அரை அங்குலம், எங்கும் கிடைக்கும். அதோடு வோட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் விரல் நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கிறது, அதை மறக்காதீர்கள். பம்பைக் கழற்றாமல் நேர் ஹோஸை அங்கே நுழைப்பது சாத்தானின் வேலை. மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹோஸை வாங்கினால் அமுக்கி நுழைத்துவிடலாம்.

நிரப்பும்போது வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். உறையாவிட்டாலும் துருவைத் தடுக்கக் கூலன்ட் தேவை. ஹீட்டரோடு மொத்தம் ஐந்தரை லிட்டர் பிடிக்கும்.

ஹீட்டரின் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் காற்று வரவில்லையே?

வண்டியின் பற்றரியை யாராவது மாற்றி இணைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மைனர் பிறப்பில் பொசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பற்றரியின் பொசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ரேடியோ போடுவதற்காகப் பிற்காலத்தில் பலர் நெகட்டிவ் எர்த் ஆக்கிவிட்டார்கள். காந்தம் வைத்த மோட்டார் என்றால் அப்போது எதிர்ப்பக்கம் சுற்றும். மோட்டாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்தால் சரி. சுற்றும் திசை சரியாக இருந்தும் காற்று இல்லை என்றால் உள்ளே ஏதோ குடியிருக்கிறது. என்னுடையதில் எலிக்கூடு. அதில் சாவகச்சேரி மாவிலைகளும் ஒரு பஸ் டிக்கெட்டும் இருந்தன.

சாமான் எங்கே கிடைக்கும்?

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பொறுமையோடு நடந்தால் பாதி கிடைக்கும். பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்பவர்கள், பொருளைக் காட்டினால் மேல்தட்டிலிருந்து எடுத்துத் தருவார்கள். மிச்சம் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். 16 லட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்ட கார் என்பதால் அங்கே இன்றும் அநேகமாக எல்லாப் பாகத்தையும் புதிதாகச் செய்கிறார்கள். மைனருக்குத் தகடுகளும் பாகங்களும் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் வேலை 1990களில் இலங்கையிலேயே நடந்தது என்பது ஒரு வேடிக்கை.

புஷ், வோஷர், பிராக்கெட் எல்லாம் லேத்தில் கடைந்து கொள்ளலாம். கிங்பின்னையும் ட்ரனியனையும் மட்டும் உள்ளூர் லேத்தில் கடையவேண்டாம். அளவு சரியாக வரலாம், இரும்பின் பதம் தெரியாது. தேய்ந்த மரையில் வெல்டிங் நிரப்பிக் கடைந்து தருவதாக ஒருவர் சொன்னார். "மாத்தையா, லொறிக்கே செய்து குடுத்திருக்கேன்" என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

எல்லாம் பூட்டியாயிற்று. முதல் ஓட்டம்?

றோட்டில் இல்லை, வெட்டை வெளியில். நடைவேகத்தில் இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து முன்னும் பின்னும் எடுங்கள். ஏதாவது கடிக்கிறதா, உரசுகிறதா என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேளுங்கள். கையை விட்டால் வீல் தானாக நடுவுக்குத் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் ட்ரனியன் இறுகியிருக்கிறது. பிறகு ஒரு சின்னச் சுற்று. நான் கிறகரி வாவியைச் சுற்றினேன். வீட்டுக்கு வந்து எஞ்சின் ஆறியதும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், கட்டாயம் குறைந்திருக்கும். 100 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கி, ஹோஸ் கிளிப்புகளை அரைச் சுற்று முறுக்குங்கள்.

அதன்பிறகு சாவகச்சேரி ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஹீட்டரும் வேலை செய்யுதோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அந்தக் காருக்கு ஹீட்டர் இருந்ததே எனக்குத் தெரியாது தம்பி" என்றார்.